நாலாம் பொத்தான்

பிப்ரவரி 4, செவ்வாய்

காலையில் வாய் திறந்து பேசியது பால் போடுபவரிடம் மட்டும். “ஒரு பாக்கெட் போதும்.” அவருக்குத் தெரியும். இருந்தாலும் சொன்னேன்.

பிறகு பட்டினப்பாக்கம் குப்பத்தில் கூட்டம். பெண்களின் ரத்த அழுத்தம் பற்றி எங்கள் மையம் ஆய்வு தொடங்கப்போகிறது. அதற்கு முன் அவர்களையே கேட்டுத் தெரிந்துகொள்வது என் வேலை. நாற்பது பெண்கள், ஆளுக்கொரு ரிமோட். கேள்வி திரையில் வரும். பொத்தானை அமுக்கினால் எதற்கு எத்தனை ஓட்டு என்று அங்கேயே தெரியும். யார் எதை அமுக்கினார் என்பது மட்டும் தெரியாது. ஆய்வை நடத்தும் டாக்டர் ஜெயராமுக்கும் தெரியாது என்று மூன்று தடவை சொன்னேன்.

எட்டாவது கேள்வி: உடம்புக்கு முடியாமல் போனால் உங்களுக்குத் துணை யார்? ஒன்று, வீட்டார். இரண்டு, அக்கம்பக்கம். மூன்று, கூட வேலை செய்பவர்கள். நாலு, யாரும் இல்லை.

அந்த நேரம் பார்த்து ஒரு பெண் மீன் ஏலத்துக்கு எழுந்து ஓடிவிட்டாள். முப்பத்தொன்பது ஓட்டில் திரை நின்றுவிட்டது. நாற்பதும் விழாமல் அது அடுத்த கேள்விக்குப் போகாது. நாற்காலியில் கிடந்த ரிமோட்டை எடுத்து ஏதோ ஒன்றை அமுக்கினேன்.

ஏதோ ஒன்றா? இங்கேயுமா பொய்? நாலைத்தான் அமுக்கினேன். பார்த்துத்தான் அமுக்கினேன்.

நாலில் அந்த ஒரே ஓட்டு. மீன் விற்கும் சுந்தரவல்லி எழுந்தார். அவர் பேச்சுக்குத்தான் அங்கே மரியாதை.

“யாரும்மா அது? நம்ம குப்பத்துல நாதியத்த பொம்பள யாரு கீது?”

பிப்ரவரி 7, வெள்ளி

சுந்தரவல்லி போன் செய்தார். வீடு வீடாகப் போய் விசாரிக்கிறார்களாம். “கண்டுபுடிச்சு ஒரு வாய் சோறு போடணும் மேடம். எங்களுக்கு அசிங்கமா கீது.”

அப்போதே சொல்லியிருக்கலாம். “சரிம்மா” என்று வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 10, திங்கள்

கண்டுபிடித்துவிட்டார்களாம். ஆஷா என்ற பெண். கடலூரிலிருந்து கல்யாணமாகி வந்து ஆறு மாதம். “நான் இல்ல” என்று அழுதாளாம், யாரும் நம்பவில்லை. மாமியார் வசந்தி தெருவில் நின்று, “நான் குத்துக்கல்லாட்டம் இருக்க சொல்லோ யாரும் இல்லையாமே!” என்று கத்தினாராம். இரண்டு நாளாக வீட்டில் யாரும் அவளோடு பேசுவதில்லை.

அய்யோ, என்ன காரியம் பண்ணிட்டேன். அம்பத்திரண்டு வயசுல, எனக்கு யாரும் இல்லேன்னு ஒரு மெஷின்கிட்ட போய் சொல்லணுமா? யார் கேட்டா என்னை?

பிப்ரவரி 11, செவ்வாய்

சொன்னால் வேலை போகலாம். சொல்லாவிட்டால் அந்தப் பெண் —

பிப்ரவரி 13, வியாழன்

சொல்லிவிட்டேன். அவர்கள் கோயில் வாசலில், எல்லார் முன்னாலும்.

சுந்தரவல்லி என்னை மேலும் கீழும் பார்த்தார். “நீயா? இவ்ளோ படிச்சுட்டு?” அதில் கோபம் இருந்ததா, பரிதாபமா? கோபமாகவே இருக்கட்டும். ஆஷா என்னைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.

டாக்டர் ஜெயராம் அவ்வளவாகத் திட்டவில்லை. “இப்படிப் பண்ணலாமா, வேம்பு?” என்று கேட்டுவிட்டு, அந்த ஒரு ஓட்டைக் கணக்கிலிருந்து எடுத்தார். ஏன் நாலை அமுக்கினேன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுதிருப்பேன்.

பிப்ரவரி 20, வியாழன்

அறிக்கை வந்தது. யாரும் இல்லை: பூஜ்யம். எல்லோருக்கும் திருப்தி.

மாலை அதைக் குப்பத்தில் கொடுத்துவிட்டு மந்தைவெளி பஸ்ஸுக்கு நின்றபோது ஆஷா வந்தாள். திட்டத்தான் வருகிறாள், வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று நின்றேன்.

“நானும் நாலைத்தான் அமுக்கணும்னு இருந்தேன் மேடம். அத்தை பக்கத்துல ஒக்காந்து என் கையையே பாத்தாங்க. பயந்துக்கிட்டு ஒண்ணை அமுக்கிட்டேன்.”

பஸ் ஒன்று வந்து போனது. ஏறவில்லை.

“உங்க நம்பர் சொல்றீங்களா?” என்றாள். அவளிடம் போன் இல்லை. இரண்டு தடவை திருப்பிச் சொல்லி மனப்பாடம் செய்துகொண்டாள்.

மார்ச் 3, திங்கள்

காலை ஆறரைக்குத் தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு. ஆஷா. மூன்று நாளாகக் காய்ச்சலாம். புருஷன் கடலுக்குப் போயிருக்கிறான். சும்மா நடிக்கிறாள் என்கிறாராம் மாமியார். “ஆஸ்பத்திரிக்குப் போகணும். கூட யாருன்னு கேப்பாங்க. உங்க பேரைச் சொல்லட்டுமா?”

சொல்லு என்றேன். ஆட்டோ கீழே நிற்கிறது.