மீதிப் பெயரைத் தர மறுத்த அமலோர் அண்ணனுக்கு

அன்பு அமலோர் அண்ணே,

தமிழில் எழுதுகிறானே என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது என்பது எனக்கு மறந்துபோகவில்லை. நீங்கள் போயிருக்கிற இடத்தில் ஒரு காரைக்கால்காரர்கூடவா இருக்கமாட்டார்? அவரைப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் தங்கை மார்கரீத் அக்கா போன் செய்தபோது நான் சவூதியில், தம்மாமில் ஓர் ஏணியின் உச்சியில் நின்றுகொண்டிருந்தேன். "அண்ணன் தூக்கத்துலயே போயிட்டாரு, தம்பி" என்றார். கீழே ஃபோர்மேன் "யல்லா, யல்லா" என்று கத்திக்கொண்டிருந்தான். ஒரு கையில் ஸ்பீக்கர், இன்னொரு கையில் போன். கண்ணைத் துடைக்கக் கை இல்லை. போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, அந்த ஸ்பீக்கரை மாட்டி முடித்த பிறகுதான் இறங்கினேன்.

ஆமாம் அண்ணே, அபுதாபியை விட்டு வந்துவிட்டேன். இங்கே ஓட்டலில் பாட்டுக் கச்சேரியெல்லாம் கிடையாது. பெரிய கட்டடங்களில் தீப்பிடித்தால் "உடனே வெளியேறுங்கள்" என்று அறிவிக்கிற ஸ்பீக்கர்களை மாட்டுகிறேன். உங்கள் குரலுக்கு வால்யூம் வைத்தவன் இப்போது அந்தப் பெட்டிக்கு வால்யூம் வைக்கிறான். சிரிக்கிறீர்களா? சிரியுங்கள், அதற்குத்தான் சொன்னேன்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு உங்களைத் தெரியாதே, அதனால் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன். தப்பிருந்தால் கனவில் வந்து திட்டுங்கள். தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், அதனால் காரைக்காலில் பிறந்த உங்களுக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை. கைக்குழந்தையாகப் பாரிஸ் பக்கம் போனீர்கள். அம்மா விடியுமுன்னே ஆபீஸ்களைக் கூட்டித் துடைக்கக் கிளம்பிவிடுவார். நீங்கள் சர்ச்சில் கித்தார் கற்று, சுரங்க ரயில் நிலையங்களில் பாடி, பிரெஞ்சில் சொந்தமாகப் பாட்டுக் கட்ட ஆரம்பித்தீர்கள்.

ஒரு கம்பெனி கூப்பிட்டு இசைத்தட்டே போட்டது. ஒரு கோடைக்காலம் முழுக்க அங்கே ரேடியோவில் உங்கள் பாட்டுதானாம். ஆனால் உறையில் "அமல்" என்று மட்டும் அச்சடித்திருந்தார்கள். முழுப் பெயர் அவர்கள் வாயில் நுழையவில்லையாம். இரண்டாவது தட்டு வெளிவரவே இல்லை. அப்புறம் கல்யாண வீடுகள், பயணிகள் கப்பல், கடைசியில் வளைகுடா. இத்தனைக்கும் நடுவில் பாட்டுக் கட்டுவதை மட்டும் நீங்கள் விடவில்லை. எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம் அதுதான்.

நாம் சந்தித்த வெள்ளிக்கிழமை ஞாபகம் இருக்கிறதா? ஓட்டலில் மதிய விருந்துக்குப் பாட "பாரிஸ் பாடகர்" வருகிறார் என்று மானேஜர் பூங்கொத்தோடு முன்வாசலில் நின்றார். நான் மேடையில் ஒயர் இழுத்துக்கொண்டிருந்தேன். கித்தார்ப் பெட்டியோடு டாக்சியில் இருந்து இறங்கிய உங்களைப் பார்த்து, சாமான் இறக்குகிறவர்கள் பின்வாசல் வழியாக வரவேண்டும் என்று மானேஜர் கையைக் காட்டினார். நீங்களும் பின்வாசலுக்குப் போய், சமையலறைக்குள் புகுந்து, நேராக மேடையேறி மைக்கைத் தட்டினீர்கள். பூங்கொத்தோடு ஓடிவந்த மானேஜரின் முகத்தைப் பார்க்க ஆயிரம் கண் வேண்டும்.

அங்கே என்ன கொடுமை என்றால், உங்கள் பாட்டை யாரும் கேட்கவில்லை. எல்லோரும் தட்டை நிரப்பிக்கொண்டிருந்தார்கள். உங்கள் சொந்தப் பாட்டைப் பாடினால், எல்லோருக்கும் தெரிந்த பாட்டாகப் பாடச் சொல்லி மானேஜரிடமிருந்து சீட்டு வரும். ஒருநாள் ஒயரைச் சுருட்டும்போது சொன்னீர்கள்: "எனக்குப் பெரிய ஆசையெல்லாம் இல்ல சகாயம். நான் கட்டின பாட்ட, என் பேரோட, யாராவது ஒக்காந்து கேக்கணும். ஒரு தடவ போதும்."

அந்த வருஷ நோன்பு மாதம் வந்தது. ஓட்டல்களில் பாட்டு கூடாது. மற்றப் பாடகர்கள் ஊருக்குப் பறந்துவிட, நீங்கள் மட்டும் தனியாக இருந்தீர்கள். "நம்ம ரூமுக்கு வாங்கண்ணே" என்று முசஃபாவில் இருந்த எங்கள் தொழிலாளர் கேம்புக்குக் கூப்பிட்டேன். பிரெஞ்சுப் பாடகர் வருகிறார் என்று ரூம்காரர்களிடம் சொன்னவன், அவர் தமிழர் என்பதைச் சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்றே தோன்றவில்லை.

நோன்பு திறக்கிற நேரத்துக்கு வந்தீர்கள். புதுக்கோட்டைக்கார வெல்டர் முருகேசன் உங்கள் கையிலிருந்து கித்தாரை வாங்கி வைத்துவிட்டு, வாசலை எட்டிப் பார்த்து, "வண்டிய எங்கண்ணே போட்டீங்க? தொர இன்னும் எறங்கலையா?" என்று கேட்டாரே! பின்வாசல் அங்கேயும் தயாராகத்தான் இருந்தது. துரைக்காக ஒரு நாற்காலி, ரொட்டி, வெண்ணெய், எங்கிருந்தோ இரவல் வாங்கிய முள்கரண்டி. நீங்கள் அதையெல்லாம் பார்த்துவிட்டு, "தொர நாந்தாம்பா. அந்தக் கஞ்சி யாருக்கு?" என்றீர்கள். கீழக்கரை காதர் பாய்க்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. "அட, நம்மாளு! ஒக்காருங்க" என்று நோன்புக் கஞ்சியை உங்கள் முன்னே நகர்த்தினார்.

சாப்பிட்ட பிறகு சினிமாப் பாட்டுக் கேட்டார்கள். உங்களுக்கு ஒன்றுகூடத் தெரியவில்லை. தமிழ் பேசுகிற பாடகருக்குச் சினிமாப் பாட்டுத் தெரியாது என்றால் நம்ப முடியுமா? ஒருவன் என் காதில், "இவரு நெசமாவே பாட்டுக்காரர்தானா?" என்றான். நீங்கள் கதவைச் சாத்தி, பக்கத்து ரூமில் தொழுபவர்களுக்குக் கேட்காத அளவில், மெதுவாக உங்கள் பிரெஞ்சுப் பாட்டு ஒன்றைப் பாடினீர்கள். கட்டிலின் மேல்தட்டில் இருந்தவர்களெல்லாம் இறங்கி வந்து தரையில் உட்கார்ந்தார்கள். யாரும் சாப்பிடவில்லை, பேசவில்லை. எத்தனையோ நல்ல மைக்குகளை உங்களுக்கு வைத்திருக்கிறேன். மைக்கே இல்லாத அன்றைக்குப் பாடிய மாதிரி நீங்கள் என்றைக்கும் பாடியதில்லை.

அர்த்தம் கேட்டார்கள். வேலை முடிந்து பஸ்ஸில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போய், இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிவிடுகிற உங்கள் அம்மாவைப் பற்றிய பாட்டு என்றீர்கள். முருகேசன் எழுந்தே விட்டார். "என்னண்ணே, இது நம்ம பாட்டுல்ல! நானுந்தான் கம்பெனி பஸ்ல தெனம் இப்புடித் தூங்குறேன். இத நம்ம பாசையில பாடுங்க."

உங்கள் தமிழோ சமையலறைத் தமிழ். "கரண்டி எடு", "கதவச் சாத்து" எல்லாம் வரும். பாட்டுக்கு வேண்டிய தமிழ் வராது. அந்த மாதம் முழுக்க ரூமே உட்கார்ந்து சண்டை போட்டது. "நித்திரை" போடலாம், "அன்னை" போடலாம் என்று ஆளுக்கொரு அலங்காரம் சொன்னார்கள். நீங்கள் எதையும் ஏற்கவில்லை. சொன்னவரையே பேச்சோடு பேச்சாக அந்தச் சொல்லைச் சொல்லிக் காட்டச் சொல்வீர்கள். "நீ ஒங்க வூட்ல அன்னைன்னா கூப்புடுவ?" என்பீர்கள். தடுமாறினால் அந்தச் சொல் வெளியே. கடைசியில் மிஞ்சியது இதுதான்:

இறங்குற எடம் போயிடுச்சு,
எழுப்பாதீங்க அம்மாவ,
இன்னும் கொஞ்ச தூரம்
தூங்கட்டும்.

பெருநாள் முடிந்து ஓட்டலில் புது ஒப்பந்தம் நீட்டினார்கள். சம்பளம் அதேதான், ஆனால் போஸ்டரில் வேறு பெயர், ஏதோ ஒரு வெள்ளைக்காரப் பெயர். படத்துக்கு உங்கள் முகம் வேண்டாம், கித்தாரை மட்டும் போட்டால் போதுமாம். நான்தான் கெஞ்சினேன். "பேருதானண்ணே, வயிறு முக்கியம்லா?"

"வயித்துக்குன்னா நான் பாத்திரம்கூடக் கழுவுவேன், சகாயம். பாரிஸ்ல பாதிப் பேர எடுத்துக்கிட்டாங்க. அப்ப சின்னப் பையன், குடுத்துட்டேன். மீதிய இவங்களுக்குத் தரமாட்டேன்."

கலாஸ். அவ்வளவுதான். சொன்னபடியே பாரிஸ் போய் ஒரு உணவகத்தில் பாத்திரம் கழுவினீர்கள், தெருப்பிள்ளைகளுக்குக் கித்தார் சொல்லிக்கொடுத்தீர்கள். உங்களைப் பிழைக்கத் தெரியாதவர் என்று சிலர் சொன்னார்கள். எனக்கு உங்களைப்போல நிமிர்ந்து நின்ற ஒரு ஆளை அதற்கு முன்னும் தெரியாது, பின்னும் தெரியாது. இதை நான் உங்களிடம் நேரில் சொல்லியிருக்கக் கூடாதா?

இப்போது சேதி கேளுங்கள். நீங்கள் போன மறு வாரம், வெள்ளிக்கிழமை. தம்மாம் ரூமில் யாரிடமும் பேசப் பிடிக்காமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். சாரம் கட்டுகிற பெரம்பலூர்க்காரர் ஒருவர், ரூமுக்குப் புதிது, சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே முணுமுணுத்தார். இறங்குற எடம் போயிடுச்சு. எழுப்பாதீங்க அண்ணன. ஆமாம், அம்மா அண்ணன் ஆகியிருந்தார்.

எழுந்து உட்கார்ந்துவிட்டேன். "எங்க புடிச்சீங்க இத?"

"தோஹா தொழில்பேட்டையில இருந்தப்ப கேம்ப்ல எல்லாரும் பாடுவாங்கண்ணே. ஏதோ படத்துப் பாட்டாம்."

எனக்கு வந்ததே ஒரு கோபம். படமாவது, மண்ணாவது என்று நான் வாயைத் திறப்பதற்குள் அவர் அடுத்த கட்டிலைப் பார்த்து, "ஏய், அமலோர் யாருகிட்ட இருக்கு? அண்ணனுக்கு வேணுமாம், அனுப்பு" என்றார். மூன்று பேர் போனை எடுத்தார்கள்.

அது எப்படி வந்தது தெரியுமா, அண்ணே? கேம்பில் நீங்கள் பாடிய கடைசி நாள் நான் போனில் பிடித்து, உங்கள் பெயரைப் போட்டுச் சேமித்து, காதர் பாய்க்கும் முருகேசனுக்கும் ப்ளூடூத்தில் அனுப்பியிருந்தேன். முருகேசன் தோஹாவுக்கு வேலை மாறிப் போனார். பாட்டு அவரோடு போய், போனுக்குப் போன் தாவி, கடலைச் சுற்றிக்கொண்டு எனக்கு முன்னே தம்மாம் வந்திருக்கிறது. "அமலோர்" ஒரு மனிதனின் பெயர் என்றே அவர்களுக்குத் தெரியவில்லை. ஆனால் அந்தப் பெயரில் ஒரு எழுத்தைக்கூட யாரும் வெட்டவில்லை.

அன்று பகல் முழுக்க உங்கள் கதையைத்தான் சொன்னேன். பெரம்பலூர்க்காரர் இஸ்திரியை மறந்துவிட்டு, சட்டையைக் கருக்கிக்கொண்டார்.

மார்கரீத் அக்காவிடம் இதைச் சொன்னபோது, "அண்ணன் தமிழ்ல பாடுனாரா?" என்று அழுதுவிட்டார். உங்கள் அம்மாவுக்கு வயதாகி, பிரெஞ்செல்லாம் மறந்து, இப்போது தமிழ் மட்டும்தான் பேசுகிறாராம். "மவன் பாட்டு எனக்கு எங்க புரிஞ்சிது" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாராம்.

அண்ணே, வருகிற வெள்ளிக்கிழமை அக்கா போனை அம்மாவின் காதில் வைப்பார். இந்த ரூமில் இருக்கிற அத்தனை பேரும் பாடுவோம். "அண்ணன" என்று பாடமாட்டோம், "அம்மாவ" என்றே பாடுவோம். அதற்கு முன்னால் நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பாட்டுக் கட்டினது உங்க மவன் அமலோர்" என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிப்பேன். இது சத்தியம்.

உங்கள் கூடப்பிறக்காத தம்பி,
சகாயம்
தம்மாம்