மக்ரூன் டப்பாவில் இருந்த டிஸ்க்

முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். நீ கொடுத்த லேப்டாப்பின் ஹார்ட் டிஸ்க் செத்துப்போன அன்று, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு குதி குதித்தேன். ஐம்பத்திரண்டு வயதில், இந்த முழங்காலை வைத்துக்கொண்டு. காரணம் சொல்கிறேன், பொறு. அதே லேப்டாப்பில்தான் இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். அடியிலிருந்து தேங்காய் எண்ணெய் வாசனை வருகிறது. அதற்கும் காரணம் இருக்கிறது.

கப்பல் ஏஜென்சி ஆபீஸில் நான் கடிதம் தட்டினேன். நீ கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டாய். ஏதோ ஒரு கப்பல் அதிகாரி கழித்துப்போட்ட, செங்கல் கனமுள்ள இந்த லேப்டாப்பைத் தேற்றி என்னிடம் நீட்டினாய். "நீ எழுதுத எழுத்துக்கு இதுவே சாஸ்திலே" என்றாய். அதன் பிறகு பார்க்கும்போதெல்லாம் "சாப்ட்டியா" என்று கேட்க மாட்டாய். "காப்பி எடுத்து வச்சியாலே? டிஸ்க்கு சொல்லிட்டுச் சாவாது" என்பாய். "ஆச்சு, ஆச்சு" என்பேன். ஒரு நாளும் எடுத்ததில்லை.

கல்யாண வீடு, பிரிவு உபசாரம், துக்க வீடு எல்லாவற்றுக்கும் பேச என்னைத்தான் கூப்பிடுவார்கள் என்பதால், படுக்கையில் விழுந்தபின் நீ ஒன்று கேட்டாய். "நான் செத்தா பேசுவெல்லா? அத இப்பமே எழுதிட்டு வந்து வாசி. பெறவு நான் எப்பிடிக் கேக்க?"

ஒரு வாரம் முழித்தேன். ஒரு வரி வரவில்லை. உயிரோடு இருப்பவனைப் பற்றி எழுத விரல் மடங்கவில்லை. வெறும் கையோடு வர வெட்கமாக இருந்ததால் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து, உனக்குத் தெரியாதபடி திரையைத் திருப்பி வைத்து, இருபது நிமிடம் "வாசித்தேன்." திரையில் இருந்தது நம் ஆபீஸ் விடுமுறைப் பட்டியல்.

நீ சிரித்தாய், இருமினாய், மறுபடி சிரித்தாய். "சாவுத பேச்சப் பேசி என்ன சிரிப்பு? ரெண்டு பேருக்கும் கூறு இருக்கா?" என்று அடுக்களையிலிருந்து உன் மனைவி, எனக்கு மதினி, சத்தம் போட்டார். நீ கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எல்லாம் நல்லாருக்கு. அந்த மூணாவது பாராவ மட்டும் எடுத்திரு" என்றாய். முத்துக் குளித்த பரம்பரை என்று மார்தட்டும் நீ, முயல் தீவில் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு பயந்து போட்ட கூச்சலைப் பற்றியது அது. நானும் பெரிய மனது பண்ணி ஒரு விசையை அழுத்தி, "எடுத்தாச்சு" என்றேன். பட்டியலிலிருந்து தீபாவளி போய்விட்டது.

"வச்சிட்டுப் போ, தூசி தட்டித் தாரேன்" என்றாய். இரண்டு நாள் கழித்துத் திருப்பித் தந்தாய்.

உன்னைப் புதைத்த அன்று கல்லறைத் தோட்டத்தில் எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். "நல்ல மனுசன்" என்பதற்கு மேல் எனக்கு வாய் வரவில்லை. எனக்குப் பிடிக்காத ஆட்களுக்குக்கூட நான் அதைவிட நீளமாகப் பேசியிருக்கிறேன்.

உன் முதலாண்டு நினைவுப் பூசைக்கு ஒரு மாதம் இருக்கும்போது மதினி கேட்டார். "தம்பி, அவுக கேட்டுச் சிரிச்சாவல்லா, அந்தப் பேச்ச அன்னைக்கு வாசிச்சிருங்க. நான் அடுப்படியில நின்னதுல பாதிதான் காதுல விழுந்துது. முழுசா ஒருக்கா கேக்கணும்."

"லேப்டாப்புல பத்திரமா இருக்கு மதினி."

இருந்தால்தானே! தினமும் உட்கார்ந்து ஒரு வரி அடிப்பேன், அழிப்பேன். சிரிக்க நீ இல்லாத இடத்தில் நகைச்சுவை வரமாட்டேன் என்றது. அப்போதுதான் டிஸ்க் டக் டக்கென்று இரண்டு நாள் தட்டிவிட்டு ஓய்ந்தது. குதித்தேன் என்றேனே, அது இதற்குத்தான். மூஞ்சியை நீளமாக்கிக்கொண்டு உன் வீட்டுக்குப் போய், "எல்லாம் போச்சு மதினி" என்றேன்.

மதினி பதறவில்லை. உள்ளே போய் ஒரு மக்ரூன் பலகார டப்பாவோடு வந்தார். உள்ளே பிளாஸ்டிக் உறையில் ஒரு டிஸ்க், சின்ன ஸ்க்ரூ டிரைவர், "இவனுக்கு" என்று உன் கையெழுத்தில் ஒரு துண்டுத்தாள்.

"அந்த டிஸ்க்கு ரொம்ப நாள் தாங்காது, மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு வருவான், அப்பம் குடுன்னாவ. இங்கன வச்சே மாட்டுங்க."

சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைக் கவிழ்த்துப் போட்டேன். உப்புக்காற்றில் நாலு ஸ்க்ரூவும் துருப்பிடித்து இறுகியிருந்தன. மதினி தலைக்குத் தேய்க்கும் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஊறவைத்துத் திருகினேன். பழையதை உருவி, புதியதைத் தள்ளி மாட்டினேன். திரை எரியக் கூடாதே என்று மாதாவிடம் மன்றாடிக்கொண்டுதான் பட்டனை அழுத்தினேன். எரிந்தது. நான் எழுதிய வாழ்த்து மடல், வழியனுப்பு உரை எல்லாம் வரிசையாக நின்றன. தூசி தட்டுகிறேன் என்று சொல்லி எல்லாவற்றையும் காப்பி எடுத்து வைத்திருக்கிறாய். கண் நிறைந்தது. அடுத்த நிமிடம் திரையைச் சட்டென்று என் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"பேச்சு எங்க தம்பி?"

"பேச்சு" என்ற பெயரில் ஒரு ஃபைல் இருந்தது. நான் போட்டதில்லை. திறந்தேன். ஒரே வரி: "மூணாவது பாராவ எடுத்திரு, தீபாவளியத் திருப்பிப் போடு."

மதினியிடம் எல்லாவற்றையும் கக்கினேன். அவர் சிரித்தார். "எனக்குத் தெரியாதா? காப்பி எடுத்த அன்னைக்கே என்னையக் கூப்புட்டு, தீபாவளி இல்லாத அந்த லீவு லிஸ்டக் காட்டி, வயிறு நோகச் சிரிச்சாவ. 'இவ்வளவும் மனசுல இருந்தே பேசிருக்கான் பாரு'ன்னாவ. அவன் எழுத மாட்டான், நீ கேட்டுக்கிட்டே இருன்னும் சொன்னாவ." பிறகு சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சும்மா கேக்கல தம்பி. எனக்கு அது நெசமாவே வேணும்."

எழுதிவிட்டேன். இதுதான் அது. நாளை பூசை முடிந்ததும் மதினியைப் பக்கத்தில் உட்காரவைத்து வாசிக்கப் போகிறேன். மூன்றாவது பாராவை எடுத்தாகிவிட்டது. முயல் தீவு நடுவில் தலைகாட்டியதைப் பெரிதுபடுத்தாதே. தீபாவளியையும் திருப்பிப் போட்டுவிட்டேன்.

பொய் தெரிந்த பிறகு நீ இருந்தது இரண்டு மாதம். பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "இவன் எனக்கு எழுதி வச்சிருக்கான் பாருங்க, அப்பிடி ஒரு பேச்சு" என்று பெருமை பேசினாய். பக்கத்திலேயே நின்று தலையாட்டிக்கொண்டிருந்தேன். என்னை ஒரு தடவைகூடக் காட்டிக்கொடுக்கவில்லை. அந்த இரண்டு மாதம்தான் இன்னும் என்னோடு இருக்கிறது. நன்றிடே.

அடுத்து நீ என்ன கேட்பாய் என்று தெரியும். இல்லை, இந்தப் பேச்சுக்கும் இன்னும் காப்பி எடுக்கவில்லை.