இனி அட்மின் நான்

எண்ணூர் குப்பம்,
14.9.2025

அன்புள்ள மாமாவுக்கு,

ரேகா எழுதுவது. நானும் அத்தையும் சௌக்கியம். கடல் கொந்தளிப்பாக இருப்பதால் நம் பக்கம் படகு போகவில்லை. அத்தை காசிமேட்டுக்குப் போய் மீன் எடுத்துவந்து விற்கிறார்கள். இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிப்பீர்கள். போனில் நான் ஒரு வரி சொல்வதற்குள் நீங்கள் நாலு வரி சொல்லிவிடுகிறீர்கள். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது, அதனால்தான்.

வீட்டுக் கம்ப்யூட்டர் சரியில்லை. விண்டோஸ் பத்துக்கு அடுத்த மாதத்தோடு பாதுகாப்பு அப்டேட் நின்றுவிடும் என்று அறிவிப்பு வருகிறது. பதினொன்று இந்தப் பழைய பெட்டியில் ஏறாதாம். அதுகூடப் பரவாயில்லை. நான் மவுஸைத் தொடாதபோதே அம்புக்குறி தானாக நகர்கிறது. நேற்று அத்தை பார்த்துவிட்டு, "இன்னாடி, கை வெக்காமலே அது பாட்டுக்கு ஓடிகினு கீது? உள்ள எலி பூந்துகிச்சா?" என்று விளக்குமாற்றைத் தேடினார்கள்.

இன்னொன்றும் நடந்தது. ஒரு வேலைக்கு விண்ணப்பம் தட்டி வைத்திருந்தேன். பி.காம். படித்ததை எதற்காவது பயன்படுத்தலாமே என்றுதான். மறுநாள் திறந்தால் கோப்பைக் காணோம். திரும்பத் தட்டினேன், திரும்பவும் காணோம். இருந்த இடத்திலிருந்தே அடுத்தவர் கம்ப்யூட்டரைச் சரிசெய்வதுதானே உங்கள் உத்தியோகம். என்ன கோளாறு என்று சொல்லுங்கள். என்னோடு காலேஜில் படித்த வியாசர்பாடி செங்கொடி, விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போடலாம் என்கிறாள். உங்களைக் கேட்டுச் செய்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

அன்புடன்,
ரேகா

*

சிங்கப்பூர்,
28.9.2025

அன்புள்ள ரேகாவுக்கு,

கடிதம் கிடைத்தது. உன் கையெழுத்தைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று! பெண்டாட்டி கடிதம் என்று அறையில் எல்லோரும் வாங்கிப் பார்த்தார்கள்.

அது வைரஸ். பழைய பெட்டியில் இப்படித்தான் ஆகும், பயப்படாதே. லினக்ஸெல்லாம் உனக்கு ஒத்துவராது. அதிலும் ஒன்றா இரண்டா, நூறு வகை இருக்கிறது. எதைப் போடுவது என்பதிலேயே தலை சுற்றும். செங்கொடி பேச்சைக் கேட்டு எதையாவது கிளறி வைக்காதே. பொங்கலுக்கு வரும்போது புது லேப்டாப் கொண்டுவருகிறேன். எல்லாவற்றையும் நானே போட்டுத் தருகிறேன், நீ பட்டனை அமுக்கினால் போதும்.

வேலைக்கு என்ன அவசரம்? நான் அனுப்புவதில் உனக்கும் அம்மாவுக்கும் என்ன குறை? சாத்தாங்காட்டு இரும்புக் கடையில், நாள் முழுக்க லாரிக்காரர்கள் வந்துபோகிற இடத்தில், உட்கார்ந்து பில் போடவேண்டும் என்று உனக்கு என்ன தலையெழுத்து? அம்மாவை மழையில் நனையாமல் இருக்கச் சொல்.

உன்,
தீபன்

*

எண்ணூர் குப்பம்,
12.10.2025

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நான் "ஒரு வேலை" என்று மட்டும்தான் எழுதியிருந்தேன். சாத்தாங்காடு என்று எழுதவில்லை. இரும்புக் கடை என்றோ பில் போடுவது என்றோ எழுதவில்லை. கிடைத்தபிறகு சொல்லலாம் என்று அத்தையிடம்கூட மூச்சு விடவில்லை. செங்கொடிக்கும் தெரியாது. அந்தப் பெயர் இருந்தது ஒரே இடத்தில்தான், காணாமல் போன அந்தக் கோப்பில்.

செங்கொடியை வரச்சொல்லிப் பார்த்தேன். கம்ப்யூட்டரைத் திறந்ததும் தானாக ஓட ஆரம்பிக்கிற ஒரு மென்பொருளைக் காட்டினாள். வெளியூரில் இருப்பவர் நம் திரையைப் பார்ப்பதற்கும், நம் மவுஸைப் பிடிப்பதற்கும். அதில் உங்கள் பெயர் இருந்தது. வைரஸ் இல்லை மாமா, நீங்கள்.

எனக்கு எவ்வளவு கோபம் என்று எழுதத் தெரியவில்லை. கோபத்தைவிட வெட்கம். உங்கள்மேல் வருத்தப்பட்டு எங்கம்மாவுக்குத் தட்டிவிட்டு அனுப்பாமல் வைத்திருந்தது எல்லாம் அதில்தான் கிடந்தது. என் விண்ணப்பத்தை அழித்துவிட்டு, அன்றைக்கு ராத்திரியே போனில் "சாப்பிட்டியா கண்ணு" என்று கேட்டிருக்கிறீர்கள். எப்படி முடிந்தது?

அத்தையிடம் சொல்லிவிட்டேன். மறைப்பதற்கு நான் ஒன்றும் செய்யவில்லையே. கூடையை இறக்கி வைத்துவிட்டு அத்தை சொன்னது இது: "உன் மாமனாரு இருந்த வரிக்கும் என் கூடையில கை வுடறதுக்கு மின்னாடி ஒரு வார்த்த கேப்பாரு. இவன் இன்னா, கேக்காம கொள்ளாம பூந்து அழிச்சிகினு கீறான்? கலீஜ் வேல!"

நெட் வயரைப் பிடுங்கிவிட்டேன். நம் கல்யாணப் படங்களைப் பத்திரமாக ஒரு பென் டிரைவில் எடுத்து வைத்துவிட்டேன். இனி இந்தப் பெட்டியில் விண்டோஸ் இருக்காது. உங்களைக் கேட்கவில்லை, சொல்கிறேன்.

ரேகா

*

சிங்கப்பூர்,
26.10.2025

அன்புள்ள ரேகாவுக்கு,

போனை எடுக்க மாட்டேன் என்கிறாய், அதனால் நானும் எழுதுகிறேன்.

பிரிண்டர் ஓடவில்லை என்று நீ கேட்டபோதுதான் அந்த மென்பொருளைப் போட்டேன். பிறகு எடுக்கவில்லை. இங்கே ஒரு அறையில் ஆறு பேர். வேலை முடிந்து வந்து படுத்தால் நம் வீட்டுத் திரையைத் திறந்து வைத்துக்கொள்வேன். நீ பாட்டு மாற்றுவதைப் பார்த்தால் வீட்டிலேயே இருப்பதுபோல இருக்கும். ஒருநாள் அந்த விண்ணப்பம் கண்ணில் பட்டது. பயந்துவிட்டேன். நீ வேலைக்குப் போய்விட்டால் நான் இங்கே எதற்கு என்று தோன்றியது. அழித்தது தப்புதான். உன் நல்லதுக்குத்தான் செய்தேன் என்பதையும் நினைத்துப் பார்.

சரி, லினக்ஸே போட்டுக்கொள். ஆனால் அதில் உபுண்டு என்கிற வகையைப் போடு, எனக்குப் பழக்கம் அதுதான். நான் வெளியிலிருந்து வர வழி வைத்து, அட்மின் பாஸ்வேர்டை அனுப்பு. நாளைக்கு ஏதாவது மக்கர் பண்ணினால் யார் பார்ப்பது?

உன்,
தீபன்

*

எண்ணூர் குப்பம்,
16.11.2025

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் அறையைப் பற்றி எழுதியதைப் படித்து அழுதேன். அழுதுவிட்டு எழுந்து கம்ப்யூட்டரைக் கழற்றினேன். உள்ளே பக்கத்து அனல்மின் நிலையத்துச் சாம்பல் ஒரு கை அள்ளும் அளவுக்கு. தினம் துணி போட்டு மூடியும் இந்த லட்சணம். செங்கொடி பிரஷ் வைத்துத் துடைத்தாள், அத்தை முறத்தில் பிடித்துக்கொண்டு போய்க் கொட்டினார்கள்.

லினக்ஸில் ஒரு வசதி. பென் டிரைவில் வைத்து, கம்ப்யூட்டரில் ஏற்றாமலே ஓட்டிப் பார்க்கலாம். பிடிக்காவிட்டால் பிடுங்கிவிடலாம். என்னைப் பெண் பார்க்க வந்தபோது உங்கள் வீட்டார் உட்கார்ந்திருந்தார்கள், நான் நின்றுகொண்டிருந்தேன். இந்த முறை உட்கார்ந்துகொண்டு ஒவ்வொன்றாக வரச்சொன்னேன்.

உபுண்டு நல்ல லட்சணம். நம் பெட்டிக்குத்தான் அதைச் சுமக்கத் தெம்பில்லை. நீங்கள் சொன்னதாயிற்றே என்று கொஞ்சம் கூடவே பொறுத்துப் பார்த்தேன். அடுத்து மின்ட், பார்க்க விண்டோஸ் மாதிரியே இருக்கும். அத்தைக்கு உடனே பிடித்துவிட்டது, "அதே மாறி கீதுடி, இதையே வெச்சிக்க" என்றார்கள். எனக்கு அதுதான் ஆகவில்லை. அதே மூலையில் அதே பட்டனைப் பார்த்ததும், நீங்கள் அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்ப்பதுபோல முதுகு கூசியது. பாவம், மின்ட் மேல் ஒரு குற்றமும் இல்லை. ஃபெடோரா வேகமாக மாறிக்கொண்டே இருக்கும் என்றாள் செங்கொடி. அதன் பின்னால் ஓட எனக்கு நேரமில்லை.

கடைசியாக வந்த டெபியனைத் தேர்ந்தெடுத்தேன். அதற்கு முதலாளி என்று ஒருவர் இல்லையாம். உலகம் முழுக்க ஆட்கள் சேர்ந்து, தங்களுக்குள் ஓட்டுப் போட்டு நடத்துகிறார்களாம். மெதுவாகத்தான் மாறும், அவசரப்படுத்தாது. இந்த வீட்டில் அவசரப்படுத்தாத ஒன்றாவது இருக்கட்டும் என்று நினைத்தேன். கூடவே எக்ஸ்எஃப்சிஇ என்று எடை குறைந்த திரை. பெட்டிக்கு இப்போது மூச்சு வாங்குவதில்லை.

ஏற்றும்போது தமிழிலேயே கேள்வி கேட்டது. நடுவில், எல்லா அதிகாரமும் உள்ள பயனருக்குக் கடவுச்சொல் கொடு என்றது. என் கை நின்றுவிட்டது. போன் பூட்டு, ஏ.டி.எம். கார்டு, மெயில், எல்லாவற்றுக்கும் நீங்கள் வைத்த எண்தான். நானாக ஒன்றும் வைத்ததே இல்லை. செங்கொடி எழுந்துபோய் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். "எனுக்கும் தெரியக் கூடாது ரேகா. நீயே போடு" என்றாள். போட்டேன். மறுபடி போடச் சொன்னது, மறுபடியும் போட்டேன்.

அந்தப் பாஸ்வேர்டை அனுப்ப மாட்டேன். மக்கர் பண்ணினால் நான் பார்த்துக்கொள்வேன். எனக்குத் தெரியாவிட்டால் கற்றுக்கொள்வேன். விண்ணப்பத்தை மூன்றாம் முறையாகத் தட்டி, அச்செடுத்து, சாத்தாங்காட்டில் நேரில் கொடுத்துவிட்டு வந்தேன். இந்தத் தடவை காணாமல் போகவில்லை.

அன்புடன்,
ரேகா

*

சிங்கப்பூர்,
30.11.2025

ரேகாவுக்கு,

இவ்வளவு தூரம் வந்துவிட்டாய். அம்மாவையும் உன் பக்கம் இழுத்துக்கொண்டாய். அது நான் வாங்கிய கம்ப்யூட்டர், என் வீட்டில் இருக்கிறது. பொங்கலுக்கு வந்ததும் முதல் வேலையாக அதில் நீ ஏற்றியதையெல்லாம் துடைத்துப்போட்டுவிடுவேன். சொந்த வீட்டில் எனக்கே பூட்டு என்றால் நான் எதற்கு வரவேண்டும்? பாஸ்வேர்டு வந்தால்தான் டிக்கெட் எடுப்பேன். யோசித்துப் பதில் எழுது.

தீபன்

*

எண்ணூர் குப்பம்,
14.12.2025

அன்புள்ள மாமாவுக்கு,

யோசித்துத்தான் எழுதுகிறேன்.

போன திங்கட்கிழமையிலிருந்து சாத்தாங்காட்டுக்கு வேலைக்குப் போகிறேன். லாரி வருகிறது, போகிறது. என்னை யாரும் கம்பியோடு சேர்த்து ஏற்றிக்கொண்டு போய்விடவில்லை. அத்தை காலையில் டப்பாவில் குழம்பு ஊற்றிக் கொடுத்து, "சோத்த மிச்சம் வெச்சிகினு வந்தே, தொலச்சிப்புடுவேன்" என்கிறார்கள். உங்களைப் பற்றிப் பேச்செடுத்தால், "வந்தா வரட்டும், வராட்டி போவட்டும்" என்று சொல்லிவிட்டு வாசலைத்தான் பார்க்கிறார்கள். நானும் பார்க்கிறேன். வரவேண்டாம் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். ஆனால் பாஸ்வேர்டுக்காக வருகிறவர் எனக்கு வேண்டாம்.

கம்ப்யூட்டர் நீங்கள் வாங்கியதுதான். இல்லை என்று சொல்லவில்லை. துடைத்தே தீருவேன் என்றால் துடையுங்கள். நீங்கள் விமானம் ஏறியதும் நான் மறுபடி ஏற்றுவேன். இப்போது எனக்குத் தெரியும்.

பாஸ்வேர்டு கேட்டீர்கள், இந்தக் கடிதத்திலேயே அனுப்புகிறேன். அட்மினுடையது இல்லை, உங்களுடையது. டெபியனில் உங்களுக்கென்று தனியாக ஒரு கணக்கு திறந்து வைத்திருக்கிறேன். கல்யாணப் படங்களில் ஒரு பிரதி அதில் இருக்கிறது, உங்கள் பாட்டுகளும் இருக்கின்றன. நீங்கள் என்ன வேண்டுமானாலும் எழுதலாம், வைத்துக்கொள்ளலாம், அழிக்கலாம். என் பக்கம் மட்டும் எட்டிப் பார்க்க முடியாது. நான் அட்மின் என்பதால் உங்கள் பக்கத்தைத் திறந்து பார்க்க என்னால் முடியும். பார்க்க மாட்டேன் மாமா. முடிந்தும் பார்க்காமல் இருப்பது எப்படி என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

பாஸ்வேர்டு இப்போதைக்கு வஞ்சிரம், ஆங்கிலச் சின்ன எழுத்தில். அத்தை சொன்ன பெயர், உங்களுக்குப் பிடித்த மீனாம். முதல் தடவை திறந்ததும் அதை மாற்றச் சொல்லிக் கேட்கும், மாற்றாமல் உள்ளே விடாது. நான்தான் அப்படி வைத்தேன். நீங்கள் வந்து உட்கார்ந்து புதுசு போடுங்கள். அப்போது நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொள்கிறேன்.

ரேகா