கொம்புப்பிடிக் கத்தி

திருமானூர்
8.1.2025

அன்புள்ள மணிமாறன் சாருக்கு,

இங்கே என் வலது கையைத் தவிர எல்லோரும் நலம். குன்னத்தில் நீங்களும் லீலாவதி அம்மாவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று எண்ணிக்கொண்டு எழுதுகிறேன்.

போனில் பேசலாமே என்பீர்கள். போன வாரம் நீங்கள் "ஹலோ, ஹலோ" என்று கத்திக்கொண்டே இருந்தீர்கள். நானும் பேசிக்கொண்டேதான் இருந்தேன். இந்த நடுக்க வியாதி கையோடு நிற்காமல் குரலையும் கொஞ்சம் தின்னுமாம், தஞ்சாவூர் டாக்டர் சொல்லிவிட்டார். எழுத்தும் எறும்பு மாதிரி சிறுத்துவிட்டது. கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் படியுங்கள்.

விஷயம் இதுதான். வாசலில் உட்கார்ந்து கரும்பு சீவினேன். கத்தி மடங்கி விரலைக் கவ்விவிட்டது. தையல் போட்டு வந்தோம். வந்ததும் நர்மதா என் கத்திகளை எல்லாம் ஒரு தகரப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டாள்.

"பழைய இரும்புக்காரன் வந்தா போட்டுடுவேன்ப்பா. கத்தியும் வேணாம், நீ ரத்தம் சொட்டச் சொட்ட நிக்கிறதும் வேணாம்" என்கிறாள். சொல்லிவிட்டு அழுகிறாள். அழுகிற பிள்ளையிடம் என்ன சண்டை போடுவது?

உங்களுக்குத் தெரியும். சிமெண்ட் லோடு இறக்கின ஊரில் மற்ற டிரைவர்கள் புடவை வாங்குவார்கள், அல்வா வாங்குவார்கள். நான் கடைத்தெருவில் ஒரு மடக்குக்கத்தி வாங்குவேன். நான் போன ரோடெல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது. இரும்புக்கடைக்குப் போகும் முன் நீங்கள் வந்து எடுத்துப் போங்கள். உங்கள் வீட்டில் இருந்தால் என்னிடம் இருக்கிற மாதிரிதான்.

நம்ம அரியலூர் ஒரு காலத்தில் கடலாகக் கிடந்தது என்று சொல்வீர்களே, நேற்று மத்தியானத் தூக்கத்தில் நான் அந்தக் கடலுக்குள் நடந்துகொண்டிருந்தேன். மூச்சு முட்டவில்லை. என் கத்திகள் சிப்பி மாதிரி அடியில் கிடந்தன. ஒவ்வொன்றாக வாயைத் திறந்து, மூடின. குனிந்து எடுக்கப் போனேன், விழிப்பு வந்துவிட்டது.

இப்படிக்கு,
உங்கள் செல்லக்கண்ணு


குன்னம்
19.1.2025

அன்புள்ள செல்லக்கண்ணு,

பெட்டியும் நானும் பத்திரமாக வந்து சேர்ந்தோம். அரியலூரில் பஸ் மாறும்போது கண்டக்டர் தூக்கிவிட்டு, "என்ன சார் இந்தக் கனம் கனக்குது, பாத்திரமா?" என்றார். "ஆமாய்யா, நறுக்குற பாத்திரம்" என்றேன்.

ஏறின பஸ்ஸில் ஒரு அம்மாள் வெங்காய மூட்டையோடு உட்கார்ந்திருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாம் பழகினதே அப்படித்தானே? அன்றைக்கும் ஒரு வெங்காய மூட்டையின் கயிறு பஸ் படிக்கட்டில் சிக்கிக்கொண்டது, "யாருகிட்டயாச்சும் கத்தி இருக்கா?" என்று குரல் வந்தது, முன் சீட்டிலிருந்து நீங்களும் பின் சீட்டிலிருந்து நானும் ஒரே நேரத்தில் மடக்குக்கத்தியை எடுத்து நீட்டினோம். பஸ்ஸே நம்மைப் பார்த்துப் பயந்தது. நான் பென்சில் சீவுகிற வாத்தியார் என்று சொல்லியும் ஒருவரும் நம்பவில்லை.

லீலாவதி பெட்டியைப் பார்த்ததும், "இது என்னங்க, நம்ம வூட்டுல கொள்ளைக்காரன் குடிவந்த மாதிரி" என்றாள். பிறகு அவளே பழைய வேட்டியைக் கிழித்துக் கொடுத்தாள். ஒவ்வொரு கத்தியையும் திறந்து, துடைத்து, தேங்காய் எண்ணெய் தொட்டு, துணியில் சுற்றி வைத்தேன். வெளியே மக்காச்சோளத் தட்டைகள் காற்றில் உரசிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தில், எந்த ஊரில் இருக்கிறேன் என்பதே கொஞ்ச நேரம் மறந்துபோயிற்று. ஒன்றைத் திறந்தால் மங்களூர், இன்னொன்றைத் திறந்தால் கோலாப்பூர்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மாத்திரையை நேரத்துக்குப் போடுங்கள்.

என்றும் அன்புள்ள,
மணிமாறன்


திருமானூர்
3.2.2025

அன்புள்ள சாருக்கு,

கடிதம் கிடைத்தது. எண்ணெய் தொட்டு வைத்ததற்கு உங்களுக்கும், வேட்டி கிழித்ததற்கு அம்மாவுக்கும் என் கும்பிடு.

ஒன்று கேட்பேன், மறுக்கக் கூடாது. அந்தக் கொம்புப்பிடிக் கத்தியை மட்டும் அனுப்பிவையுங்கள். மங்களூர் மீன் மார்க்கெட் பக்கம் வாங்கியது. எருமைக் கொம்புப் பிடி, பித்தளைப் பூண். திறந்தால் 'டக்' என்று ஒரு சத்தம் வரும்.

வாலிப வயதிலிருந்து என் இடுப்பில் வலது பக்கம் ஒரு கத்தி இருந்திருக்கிறது. யாரையும் மிரட்ட இல்லை. கயிறு அறுக்க, பழம் நறுக்க, டயரில் சிக்கின கல்லைத் தோண்ட. இப்போது அந்த இடம் காலி. கொள்ளிடக் கரையில் போய் நின்றால் காற்று என்னைத் தூக்கிக்கொண்டு போய்விடும் போல இருக்கிறது. நேற்று அப்படித்தான், ஆற்றின் மேலே கொக்குகளோடு போய்க்கொண்டிருந்தேன். கனவா, உட்கார்ந்தபடி நினைத்ததா, சொல்லத் தெரியவில்லை.

நர்மதா எனக்கு கொய்யாப்பழம்கூட நறுக்கிக் கிண்ணத்தில் போட்டு, ஸ்பூன் வைத்துக் கொடுக்கிறாள். நல்ல பிள்ளை. ஆனால் சார், வீட்டுக்கு வந்த ஆட்கள் என்னிடம் பேசுவதை விட்டுவிட்டு, "அப்பா சாப்பிட்டாரா?" என்று அவளிடம் கேட்கிறார்கள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

கத்தி என் இடுப்பில் இருந்தால் நான் இன்னும் செல்லக்கண்ணு. அதற்காகத்தான் கேட்கிறேன்.

இப்படிக்கு,
செல்லக்கண்ணு


குன்னம்
16.2.2025

அன்புள்ள செல்லக்கண்ணு,

கேட்டதை இந்தப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். கொஞ்சம் துடைத்து, சரிசெய்து அனுப்புகிறேன். பித்தளைப் பூணைப் புளி போட்டுத் தேய்த்தேன், எப்படி மின்னுகிறது பாருங்கள்! 'டக்' சத்தமும் அப்படியே இருக்கிறது.

நர்மதாவைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். எடுத்துக்காட்டுக்கு ஒன்று சொல்கிறேன். சைக்கிள் பழகுகிற பிள்ளையின் பின்னால் ஓடிவருகிறவர்கள், விட்டுவிட்டேன் என்று சொல்லிக்கொண்டே கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள். பிரியம் அப்படித்தான்.

இங்கே பருத்தி வெடித்திருக்கிறது. விடியற்காலைப் பனியில் பார்த்தால் பனி எது, பருத்தி எது என்று தெரியவில்லை. லீலாவதி விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

என்றும் அன்புள்ள,
மணிமாறன்


திருமானூர்
21.2.2025

மணிமாறன் சாருக்கு,

பார்சல் வந்தது. பிரித்து, கத்தியை எடுத்து, 'டக்' என்று திறந்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முதல் வேலையாக, பார்சலில் கட்டிவந்த நூலை அதால் அறுக்கப் பார்த்தேன்.

அறுபடவில்லை. தான் வந்த நூலையே அது அறுக்கவில்லை.

விரலை வைத்துப் பார்த்தேன். விளிம்பை மெஷினில் கொடுத்து மொழுக்கென்று ஆக்கியிருக்கிறீர்கள். நர்மதா அடுப்பங்கரை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நீ சொன்னியா?" என்றேன்.

"நான் ஒண்ணும் சொல்லலப்பா. சாருதான் போன் போட்டு, அனுப்பட்டுமான்னு கேட்டாங்க. கூரா இருந்தா வேணாம் சார்னு அழுதேன். 'அழுவாத பாப்பா, மழுக்கி அனுப்புறேன், அவருக்கு ஒண்ணும் தெரியாது'ன்னாங்க."

அவருக்கு ஒன்றும் தெரியாது. சரி சார்.

அவள் மகள், பயப்படலாம். கத்தி அனுப்ப மாட்டேன், உன் கை சரியில்லை என்று நீங்கள் எழுதியிருந்தால் ஒரு நாள் கோபித்துக்கொண்டு அடுத்த நாள் சரியாகியிருப்பேன். மருந்தை மருந்து என்று சொல்லிக் கொடுத்தால் குடித்துவிடுகிற ஆள் நான். நீங்கள் மிட்டாய் என்று சொல்லிக் கொடுத்துவிட்டீர்கள். அதிலும், இடுப்பில் கத்தி வைத்திருக்கிற ஆளே இன்னொரு ஆளுக்கு இதைச் செய்யலாமா?

சைக்கிள் பிள்ளைக்குக்கூட ஒரு நாள் தெரிந்துவிடும் சார்.

இனிமேல் எனக்கு எழுத வேண்டாம்.

செல்லக்கண்ணு


குன்னம்
26.2.2025

அன்புள்ள செல்லக்கண்ணு,

எழுத வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். கீழ்ப்படியவில்லை, மன்னியுங்கள்.

வெல்டிங் பட்டறைக்காரர், "நல்ல இரும்பு சார், மழுக்கவா சொல்றீங்க?" என்று இரண்டு தடவை கேட்டார். பொறி பறந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். திருப்பிக்கொண்டபோதே அது தப்பு என்று எனக்குத் தெரிந்திருக்கிறது. நல்ல காரியம் செய்கிறவன் எதற்கு முகத்தைத் திருப்புகிறான்?

உங்கள் விரலையும் காப்பாற்ற வேண்டும், உங்கள் மனத்தையும் நோகவைக்கக் கூடாது என்று பார்த்தேன். ஊன்றுகோல் கேட்டவரிடம், நடுவில் அறுத்து ஒட்டிய கோலைக் கொடுத்த கதையாகிவிட்டது. வாழ்நாளெல்லாம் எடுத்துக்காட்டு சொன்னவனுக்கு, இப்போது இதைவிட்டால் வேறு எதுவும் தோன்றவில்லை.

பெட்டி உங்களுடையது. ஒரு வரி எழுதுங்கள், எல்லாக் கத்தியையும் கூரோடு கொண்டுவந்து உங்கள் முன்னால் வைத்துவிடுகிறேன். நர்மதாவிடமும் நானே பேசுகிறேன், இந்தத் தடவை உங்கள் எதிரிலேயே.

உங்கள்,
மணிமாறன்


குன்னம்
18.3.2025

அன்புள்ள செல்லக்கண்ணு,

தபால்காரரைப் பார்த்தால் லீலாவதியே இப்போது வாசலுக்குப் போய்விடுகிறாள். வெறுங்கையோடு வந்து, "வெயில் ஜாஸ்திங்க" என்கிறாள்.

மத்தியானம் கண்ணயர்ந்தேன். உங்கள் லாரியில் பக்கத்து சீட்டில் இருந்தேன். ரோடு முழுக்கத் தண்ணீர், கடலோ ஆறோ தெரியவில்லை, லாரி அதன்மேல் சத்தமில்லாமல் போயிற்று. நீங்கள் ஓட்டிக்கொண்டிருந்தீர்கள், கை நடுங்கவில்லை. எந்த ஊர் போகிறோம் என்று கேட்டேன். நீங்கள் என் பக்கம் திரும்பவே இல்லை. எழுந்த பிறகும் நெஞ்சுக்குள் அந்த லாரி போய்க்கொண்டே இருந்தது.

பதில் போட வேண்டும் என்று இதை எழுதவில்லை. பக்கத்து சீட்டில் நான் இன்னும் இருக்கிறேன் என்று சொல்லத்தான்.

மணிமாறன்


திருமானூர்
14.4.2025

அன்புள்ள சாருக்கு,

நர்மதாவும் நானும் நலம். உங்கள் இரண்டு கடிதமும் வந்தன. முதல் கடிதத்தைப் பிரிக்காமல் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன். இரண்டாவது வந்தபிறகு சேர்த்துப் படித்தேன்.

அந்தக் கத்தியைத் தூக்கிப்போட மனம் வரவில்லை. ஒரு நாள் தீட்டுக்கல்லை எடுத்து, கிணற்றடியில் உட்கார்ந்து தேய்க்க ஆரம்பித்தேன். ஒரு விஷயம் தெரியுமா சார்? இந்தக் கை சும்மா மடியில் கிடக்கும்போதுதான் ஆடுகிறது. வேலை கொடுத்தால் அடங்கிவிடுகிறது. டாக்டரிடம் சொன்னேன், "சில பேருக்கு அப்படித்தான்யா" என்றார். எனக்கு யாரும் இதைச் சொல்லவில்லை. யாரும் வேலை கொடுக்கவில்லையே, எப்படித் தெரியும்?

நர்மதா முதலில் பிடுங்க வந்தாள். "குடுப்பா இங்க." நான் கொடுக்கவில்லை. "அது மழுங்கல்தானே பாப்பா, நீதானே சாருகிட்ட சொல்லி மழுக்க வச்ச, அப்பறம் என்ன பயம்?" என்றேன். நீட்டின கையை இழுத்துக்கொண்டாள். அப்புறம் தினமும் வேலை முடிந்ததும் வந்து, தள்ளி உட்கார்ந்து பார்ப்பாள். கொஞ்ச நாளில், கல் காய்ந்துவிட்டது என்று அவளே சொம்பில் தண்ணீர் மொண்டு ஊற்றினாள். கல்லில் இரும்பு போய்வருகிற சத்தம் ஒன்றுதான். வெயில் இறங்குகிற நேரத்தில் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தால், ஆறு வீட்டுக்குள் வந்து ஓடுகிற மாதிரி இருக்கும். கிணறு, துவைக்கிற கல், நர்மதா, நான், எல்லாம் அதில் மெல்ல மிதந்துகொண்டு போவோம்.

பட்டறை மெஷின் ஒரு நொடியில் எடுத்ததைத் திருப்பிக் கொண்டுவர இத்தனை நாள் ஆயிற்று. அலகு கொஞ்சம் ஒல்லியாகிவிட்டது. என்னை மாதிரி.

நேற்று சாயங்காலம் நர்மதா விரலை வைத்துப் பார்த்து, "ஆத்தாடி!" என்று எடுத்துக்கொண்டாள். கத்தியைப் பிடுங்கவில்லை. மடக்கி, என் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

இந்தத் தாள் ஏன் குட்டையாக இருக்கிறது என்று பார்க்கிறீர்களா? முழுத்தாளில்தான் எழுத உட்கார்ந்தேன். அடிப்பக்கத்தை இப்போது இந்தக் கத்தியால் அறுத்து எடுத்துவிட்டேன். விளிம்பைத் தடவிப் பாருங்கள். நேராக இல்லை, இரண்டு இடத்தில் கொள்ளிடக் கரை மாதிரி வளைந்திருக்கிறது. ஆனால் எங்கேயும் கிழியவில்லை. முழுக்க அறுத்தது.

மற்ற கத்திகள் உங்களிடமே இருக்கட்டும். என்னால் ஒன்றைத்தான் கவனமாகப் பார்த்துக்கொள்ள முடியும், அது எனக்குத் தெரியும். மழைக்காலத்துக்கு முன்னால் இன்னொரு தரம் எண்ணெய் தொட்டுவையுங்கள்.

ஆற்றுப் படுகையில் வெள்ளரிப்பிஞ்சு வந்துவிட்டது. அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாங்க. நான்தான் நறுக்குவேன். ரொம்ப நேரம் ஆகும். நீங்கள் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், கை நீட்டக் கூடாது.

இப்படிக்கு,
உங்கள் செல்லக்கண்ணு