அரபு எழுத்தில் இருந்த தமிழ்

மச்சான்,

இன்று காலை, நாம் துப்புரவு வேலை பார்த்த இந்த டேனிஷ் நூதனசாலையில் புதிதாக வைத்த கண்ணாடிப் பெட்டியைத் துடைக்கச் சொன்னார்கள். ஈரத் துணியோடு போனவன் அப்படியே நின்றுவிட்டேன். உள்ளே அந்த ஆறு தாள்கள். விளிம்பில் பூச்சி அரித்த அதே தாள்கள். பக்கத்தில் ஓர் அட்டை: தரங்கம்பாடிக் கரையில் இருந்த முஸ்லிம் கப்பல்காரர் ஒருவர் டேனிஷ் கப்பல் தலைவனுக்கு எழுதிய கடிதம், அரபு எழுத்தில் தமிழ். கீழே யாரோ ஒரு வெளிநாட்டுப் பேராசிரியரின் பெயர். அவர்தான் கண்டுபிடித்தாராம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கண்டுபிடித்தாராம்! ஏழு வருடங்களுக்கு முன்பே, இதே கட்டடத்தில், கையில் தூசித் துணியோடு நின்று நீ அதைக் கடகடவென்று வாசித்தாய்.

பின்னறைச் சுவருக்கு வர்ணம் அடிக்கவென்று பெட்டிகளை நகர்த்திக்கொண்டிருந்தோம். மேசையில் இந்தத் தாள்கள் விரித்துக் கிடந்தன. அரபு தெரிந்தவர்களுக்குக் காட்டியும் ஒன்றும் விளங்காததால், ஏதோ மந்திரமாக இருக்கலாம் என்று ஒரு துண்டில் எழுதி வைத்திருந்தார்கள். நீ குனிந்து பார்த்தாய்.

"மச்சான், இஞ்ச வா. இது தமிழடா."

"உனக்கென்ன விசரே? இது உங்கட குர்ஆன் எழுத்தெல்லோ."

"எழுத்துத்தான் அரபு. பேச்சு தமிழ். மன்னாரில எங்கட உம்மா இப்பிடித்தான் கடிதம் எழுதுவா. கேள்."

வாசித்தாய். கப்பல் வைத்தியன் கொடுத்த மருந்தில் தன் மகன் எழுந்து உட்கார்ந்துவிட்டான் என்று அந்த மனிதர் எழுதியிருந்தார். பதிலுக்கு, மலாக்காவுக்குப் போகும் வழியில் வானத்தில் எந்த வெள்ளியைப் பார்த்துக் கப்பல் ஓட்ட வேண்டும் என்று வரிசையாகச் சொல்லியிருந்தார். முன்பு கொடுத்த தூரக்கண்ணாடி உப்புக் காற்றில் மங்கிவிட்டது, இன்னொன்று வேண்டும் என்று உரிமையோடு கேட்டிருந்தார். "பாத்தியே, கேக்கிற கேள்வியை!" என்று நீ சிரித்தாய். பழைய தமிழ், நடுநடுவே அரபுச் சொற்கள். ஆனாலும் எனக்கு விளங்கியது. அதை இனி மறைக்க மாட்டேன்.

அப்போதுதான் பிரிவுத் தலைவி உள்ளே வந்தாள். யார் தொடச் சொன்னது என்று சத்தம் போட்டாள். நீ பயப்படவில்லை. உன் உடைந்த டேனிஷில் எல்லாவற்றையும் சொன்னாய். தூசித் துணியோடு நிற்கிறவன் சொன்னதை எப்படி நம்புவது? அவள் என் பக்கம் திரும்பினாள்.

"நீயும் தமிழன்தானே. இது உங்கள் மொழியா?"

"இல்லை," என்றேன். "எங்கள் மொழி இப்படி இருக்காது."

உன் முகத்தை நான் பார்க்கவில்லை. வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் நீ ஒன்றே ஒன்று கேட்டாய்: "அப்ப நாங்கள் கதைக்கிறது என்னடா?" நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். தொண்ணூறில் இயக்கம் வடக்கு முஸ்லிம்கள் எல்லாரையும், உங்களையும், ஒரே மூச்சில் ஊரைவிட்டு எழுப்பியபோது நான் யாழ்ப்பாணத்தில்தான் இருந்தேன். அப்போதும் இப்படித்தான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு உன்னைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துத் துப்புரவு வேலைக்கு மாற்றிவிட்டார்கள். அந்தப் பெருநாளுக்கும் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டாய். வட்டிலப்பத்தை என் தட்டில் அள்ளி அள்ளி வைத்தாய். உன்மேலும் எனக்குக் கோபம்தான். ஏன்டா ஒரு நாளாவது என்னை ஏசவில்லை? சட்டையைப் பிடித்து நாலு அறை விட்டிருக்கலாம். ஒன்றும் செய்யாமல் போன வருடம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டாய்.

இப்போது கண்காட்சி வைக்கிறார்கள். ஐரோப்பாவும் இஸ்லாமிய உலகும் கைகுலுக்கிக்கொண்ட காலமாம். அந்தக் கைகுலுக்கலை வாசித்துக் காட்டியவனைத் துரத்திவிட்டு, அதன் மேல் விளக்குப் போட்டிருக்கிறார்கள். வெட்கம் கெட்டவர்கள்.

துணியை வாளிக்குள் எறிந்துவிட்டு மாடிக்குப் போனேன். இப்போது அங்கே புதிய தலைவி, இளம் பெண். உன்னைப் பற்றிச் சொன்னேன், அட்டையில் உன் பெயர் வரவேண்டும் என்றேன். என் குரல் தாழ்வாரம் வரை கேட்டிருக்கும். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கணினியில் பழைய பதிவைத் தேடி எடுத்தாள். திரையை என் பக்கம் திருப்பினாள். 'தமிழ் பேசும் ஊழியரிடம் கேட்கப்பட்டது. தமிழ் இல்லை என்று உறுதிப்படுத்தினார்.' பக்கத்தில் என் முழுப் பெயர்.

"இது நீங்கள்தானே?"

"நான்தான்."

"அவர் வாசித்ததை வேறு யாராவது கேட்டார்களா?"

ஒருவரும் இல்லை. உனக்கு இருந்த ஒரே சாட்சி நான்.

தாள் வாங்கி எழுதிக் கொடுத்தேன்: அவர் வாசித்தார், நான் கேட்டேன், எனக்கு விளங்கியது, நான் பொய் சொன்னேன். கீழே கையெழுத்துப் போட்டேன். மேலிடத்தில் பேசிப் பார்க்கிறேன் என்றாள். பிறகு மெதுவாக, "ஏன் அன்று அப்படிச் சொன்னீர்கள்?" என்று கேட்டாள்.

வேலை போய்விடுமென்ற பயம் என்றேன். அவள் தலையை ஆட்டினாள், நம்பிவிட்டாள்.

அது பாதிதான், மச்சான். மற்றப் பாதியை உன்னிடம்தான் சொல்ல முடியும். ஒரு முஸ்லிம் எடுத்துக் காட்டியதை, இதுவும் தமிழ் என்று ஏற்றுக்கொள்ள அன்று எனக்கு மனம் வரவில்லை. அதைச் சுமந்துகொண்டுதான் இந்த ஊரில் இன்னும் தமிழன் என்று திரிகிறேன்.