சுப்புராயன் மாமாவின் பதினாறாம் நாள்

திண்டிவனம்,
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் கலைமதிக்கு அப்பா எழுதுவது. இங்கே எனக்கும் அம்மாவுக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அந்தக் குளிரைத் தாங்கி நல்லபடியாக இருக்க மயிலம் முருகன்தான் துணை. போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ அழுதுகொண்டே சுப்புராயன் மாமா எப்படிப்பா செத்தார், எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டாய், நான் சிக்னல் இல்லை என்று வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. மாமா உயிரோடுதான் இருக்கிறார் என்று மறுநாள் அம்மா உனக்குச் சொல்லிவிட்டு, மற்றதை உங்கப்பாவையே கேட்டுக்கோ என்றாளாம். வாய்ஸ் மெசேஜ் அனுப்பலாம் என்றால் இப்போது என் குரல் எனக்கே பயமாக இருக்கிறது, யார் போனில் போய் நிற்கும் என்று தெரியாது. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

அரசாங்கம் நம் ஊர் நிலத்தை எடுக்கப் போகிறது என்று எதிர்ப்புக் குழு ஆரம்பித்த ஆறு வருஷமாக நானும் மாமாவும் ஒரே வண்டியில்தான் விழுப்புரம் கலெக்டர் ஆபீசுக்குப் போய் வந்தோம், சர்வே நம்பர் எல்லாம் அவருக்கு மனப்பாடம், மைக்கில் பேசுவது என் வேலை. இந்தத் தடவை ஏரிப் பாசன நிலத்தை விட்டுவிடுகிறோம், வேர்க்கடலை விளைகிற மேட்டு மல்லாட்டைக் கொல்லைகளை மட்டும் கொடுங்கள், பேச வாருங்கள் என்று அங்கேயிருந்து தகவல் வந்தது. போய் என்னதான் சொல்கிறார்கள் என்று கேட்போம் என்றார் மாமா. உட்கார்ந்தாலே பாதி கொடுத்த மாதிரி என்றேன் நான். அவ்வளவுதான் எங்கள் சண்டை, நிலம் போகக்கூடாது என்பதில் இரண்டு பேருக்கும் ஒரே மனசுதான். முதல் கூட்டத்தில் மச்சான் சொல்றது சரிப்படாது என்று மட்டும் சொன்னேன். அடுத்த கூட்டத்தில் யாரோ விலைபோன ஆளு என்றார்கள், நான் தடுக்கவில்லை. மூன்றாவது கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, துரோகி, இன்னியோட நம்ம குழுவுக்கு சுப்புராயன் செத்துட்டான் என்று சொல்லிவிட்டேன். நிலத்தை எடுக்க வந்த அதிகாரியைக்கூட நாங்கள் ஐயா என்றுதான் கூப்பிடுகிறோம் கலை. கூட்டம் கைதட்டியது. உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, அந்தக் கைதட்டல் எனக்குப் பிடித்திருந்தது.

மறுநாள் காலையில் ரேஷன் கடைச் சுவரில் இருந்து தண்ணீர் டேங்க் வரைக்கும் கண்ணீர் அஞ்சலி ஒட்டியிருந்தது. நம் குழுவில் இருக்கிற பிரேம்குமாருக்கு திண்டிவனத்தில் போஸ்டர் கடை இருக்கிறதல்லவா, அவன்தான் அடித்தான். தோற்றம், மறைவு, கீழே கண்ணீருடன் போராட்டக் குழுவினர். மறைவு என்ற இடத்தில் கூட்டம் நடந்த தேதி. இந்தப் போஸ்டர் சேதிதான் உன் வரைக்கும் வந்திருக்கிறது. ஏண்டா இப்படி என்று கேட்டதற்கு, நீங்க சொன்னதத்தான அண்ணே போட்டிருக்கோம் என்றான், கேலிகூட இல்லை அவன் முகத்தில். படம் உன் கல்யாணத்தில் எடுத்தது. மாமா மட்டும் வருகிற மாதிரி வெட்டியிருக்கிறார்கள், ஆனால் அவர் தோளில் பக்கத்து ஆளின் கை ஒன்று அப்படியே நிற்கிறது. மோதிரத்தைப் பார்த்தேன், என் கை.

அதற்குப் பிறகு நடந்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. மரக்காணத்தில் இருந்து நம் போராட்டத்துக்கெல்லாம் வருவாளே மீன்காரப் பாஞ்சாலி, அவள் சேதி கேட்டு மாலையோடு வந்துவிட்டாள். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் மாமா உட்கார்ந்திருக்கிறார். அவள் மாலையை ஒளிக்கப் பார்த்தாளாம், வந்தது வந்துட்ட, போட்டுட்டுப் போம்மா என்று இவர் கழுத்தை நீட்டினாராம். சாயந்திரம் வரை அதைக் கழற்றவில்லை. அன்றோடு பேச்சை நிறுத்திவிட்டார். உச்சி வெயிலில் வெள்ளை வேட்டியோடு ஏரிக்கரையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பார், எதிரே வருகிறவர்கள் வரப்பில் இறங்கிப் போவார்கள். டீக்கடை பெஞ்சில் அவர் உட்கார்ந்து எழுந்த இடத்தில் யாரும் உட்காரவில்லை. இவர்கள் எல்லாம் அவர் உயிரோடு இருப்பதைத் தெரிந்தவர்கள்தான், நானும்தான், ஆனாலும் ஒருநாள் அவர் பின்னால் வந்து நின்றபோது எனக்கு முதுகு சில்லிட்டது. ஐந்தாம் நாள் செந்தாமரை அத்தை நம் வீட்டுக்கு வந்து அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, அக்கா, நான் பொட்டு வச்சிக்கலாமா வாணாமா, நீங்களாவது ஒரு வார்த்த சொல்லுங்க என்று கேட்டாளாம். அம்மா அன்றில் இருந்து என்னோடு பேசுவதில்லை, சோறு மட்டும் வைக்கிறாள்.

நேற்றுப் பதினாறாம் நாள். நான் எண்ணவில்லை, அவர் எண்ணியிருக்கிறார். மத்தியானம் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு நம் வீட்டுக்குள் வந்து தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். இத்தனை நாள் கழித்து வாயைத் திறந்தார். காரியம் பண்ணணும்ல, சொன்னவன்தான பண்ணணும், எலையப் போடு என்றார். அம்மா இலை போட்டாள். மொதல்ல காக்காய்க்கு வை என்றார். நான் மாடிக்குப் போய்ச் சோற்றை வைத்துக் கூப்பிட்டேன். புளியமரத்தில் ஏழெட்டுக் காக்காய் இருந்தது, ஒன்றும் இறங்கவில்லை, கத்தவும் இல்லை. என்னோடு பேசாத அம்மா கீழே இருந்து, மனசுல என்னா குறைன்னு கேளு, அப்பதான் எடுக்கும் என்றாள், செத்த வீட்டில் சொல்கிற மாதிரியே சொன்னாள். உயிரோடு கீழே உட்கார்ந்திருக்கிற மனுஷனிடம் நான் காக்காயைப் பார்த்துச் சொன்னேன், மச்சான், நான் சொன்ன வார்த்த தப்பு, மன்னிச்சிக்க என்று. தெரு முழுக்கக் கேட்டிருக்கும். சொல்லி முடிப்பதற்குள் ஒரு காக்காய் இறங்கி எடுத்தது. சந்தோஷப்பட வேண்டியவன் நடுங்கிப் போனேன், காக்காய் யாருக்கு வந்து எடுக்கும் என்று உனக்கே தெரியும். விழுந்தடித்துக் கீழே ஓடி வந்தேன்.

மாமா சாப்பிட்டு முடித்திருந்தார். இலையை எதிர்ப்பக்கமாக, சாவு வீட்டில் மடிக்கிற மாதிரி மடித்து வைத்திருந்தார். அடுத்த மாசம் ஆட்சேபணை விசாரணைக்கு நீயும் வரணும் மச்சான், உன் கையெழுத்து இல்லாம மனு நிக்காது என்றேன். கை கழுவிக்கொண்டே, செத்தவன் கையெழுத்து செல்லாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதிகாரிகளோடு பேசப் போவது தப்பு என்றுதான் இன்னமும் நினைக்கிறேன் கலை. தப்பு என்று சொன்னதோடு நிறுத்தியிருந்தால் அவர் என்னோடு சண்டை போட்டுக்கொண்டே வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்திருப்பார். இப்போது சண்டை போடக்கூட ஆள் இல்லை. போஸ்டரைச் சுரண்டப் போனேன், பசை நன்றாகப் பிடித்திருக்கிறது. மழையில் அவர் முகம் கரைந்துவிட்டது, அந்தக் கை மட்டும் இருக்கிறது.

நீ அவருக்கு ஒரு போன் போடு. போஸ்டரைப் பற்றியோ விசாரணையைப் பற்றியோ எதுவும் கேட்காதே. மாமா சாப்பிட்டீங்களா என்று மட்டும் கேள். எடுக்காவிட்டால் மறுபடியும் கூப்பிடு, எங்களில் யாரும் அவரை உயிரோடு இருக்கிறவராக நினைத்துக் கூப்பிட்டு நாளாகிறது. குழந்தைக்கு என் முத்தம், மாப்பிள்ளைக்கு என் அன்பு, நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நிறைந்து வாழ வேண்டும். அவர் என்ன பதில் சொன்னார் என்பதை அம்மாவிடம் சொல், அதைச் சொல்லவாவது அவள் என்னிடம் வாயைத் திறப்பாள்.

உன் அப்பா,
கோதண்டபாணி