அப்பா போட்ட ஃபியூஸ் கம்பி

என் அன்பான அப்பா,

கோபத்தோடுதான் எழுதுகிறேன். செத்தவர்களைக் கோபித்துக்கொள்ளக் கூடாது என்கிறாள் அம்மா. அப்படியென்றால் யாரைக் கோபித்துக்கொள்வது?

போன வாரம் நம் வீட்டு வயரிங்கை மாற்ற ஆரம்பித்தோம். மங்கலம்பேட்டை எலக்ட்ரீசியன் பாய் மீட்டர் பக்கத்து ஃபியூஸைப் பிடுங்கினார். நீங்கள் வேலை பார்த்த செராமிக் கம்பெனியில் உங்கள் கையாலேயே செய்த பீங்கான் ஃபியூஸ். கரியைத் துடைத்தால் ஒரு கீறல் இல்லை. அதற்குள் முறுக்கிப் போட்டிருந்த செம்புக் கம்பியைக் காட்டி, "இவ்ளோ தடிசா யாரும்மா போட்டது?" என்றார்.

நீங்கள்தானே அப்பா?

தெருவில் எல்லார் வீட்டிலும் ஃபியூஸ் போகும், நம் வீட்டில் மட்டும் போகாது. "விருத்தாசலத்துப் பீங்கான்டி, எதையும் தாங்கும்" என்று பெருமையடிப்பீர்கள். தாங்குவது ஃபியூஸின் வேலையே இல்லையாம். உள்ளே இருக்கிற மெல்லிய கம்பி உருகி அறுந்தால்தான் சுவருக்குள் ஓடும் வயர் பிழைக்கும் என்கிறார் பாய். ஊருக்கெல்லாம் ஃபியூஸ் செய்து அனுப்பிய உங்களுக்கு இது தெரியாதா? தெரிந்தேதான் போட்டீர்களா?

வீடு கட்டும்போது, "சுவத்துக்குள்ள போறத எவன் பாக்கப் போறான்" என்று, லைட்டுக்குப் போடும் மெல்லிய ஒரு ஸ்கொயர் வயரையே பிளக்குக்கும் இழுக்கச் சொன்னதும் நீங்கள்தான். வாசலுக்கு மட்டும் பளபளவென்று டைல்ஸ். மெல்லிசு வேண்டிய இடத்தில் தடிசு, தடிசு வேண்டிய இடத்தில் மெல்லிசு.

நீங்கள் போன அன்று நான் குவைத்தில் இருந்தேன். "ஸ்டெல்லா வந்து மூஞ்சி பாக்கட்டும்" என்று அண்ணன் வாடகைக்கு ஐஸ் பெட்டி எடுத்துவந்து உங்களை அதில் வைத்தான். அதே பிளக்கில் ஃபோகஸ் லைட்டு, பெரிய ஃபேனு, பாட்டுப் போட மைக் செட்டு, வந்தவர்களுக்கு டீ போடக் கரண்டு அடுப்பு. ஃபியூஸ் போயிருந்தால் யாராவது சுதாரித்திருப்பார்கள். அது போகவில்லை. சுவர்தான் புகைந்தது. உள்ளே வயர் கருகி வீட்டுக்கே கரண்டு இல்லை.

பக்கத்து வீட்டிலிருந்து சீரியல் பல்பு கட்டுகிற வயரை நீளமாக இழுத்துவந்தார்கள். அதில் பல்பு எரிந்தது, பெட்டி ஓடவில்லை. அவ்வளவு தூரம் வரும் மெல்லிய வயரில் அதை ஓட்டுகிற கரண்டு வராதாம். சித்திரை வெயில் வேறு. "இதுக்கு மேல வெச்சிருந்தா மரியாதையா இருக்காது" என்று பெரியப்பா சொல்லிவிட்டார். சென்னையில் இறங்கிப் போனை எடுத்தால் அண்ணன் அழுகிறான்: "எடுத்துட்டோம்மா." ஏர்போர்ட் வாசலில் உட்கார்ந்து கத்தி அழுதேன். வயிறு எரிகிறது அப்பா, இன்னும் எரிகிறது.

இப்போது எல்லாம் பாய் சொன்னபடி. "லைட்டு ஃபேனுக்கு ஒன்னரை ஸ்கொயர், பிளக்குக்கு ரெண்டரை, ஏசிக்கு நாலு. தூரம் கூடுனா இன்னும் தடிசா போவணும்." ஃபியூஸ் கம்பிக்குக் கணக்கு தலைகீழ், கேஜ் நம்பர் ஏற ஏறக் கம்பி மெலியும். அண்ணன் வயர்க் கட்டைப் பார்த்து, "சுவத்துக்குள்ள போறதுக்கு இவ்ளோவா?" என்றான். அப்படியே உங்கள் வாய். நான் பார்த்த பார்வையில் அடங்கிவிட்டான்.

ஃபியூஸுக்குப் பதிலாக, லோடு கூடினால் தானே அணையும் டிரிப்பர் சுவிட்ச் போடலாம் என்றார் பாய். அம்மா விடவில்லை. "அது அவரு செஞ்சது, கழட்டக் கூடாது." சரியென்று அதையே வைத்து அளவான கம்பியைப் போட்டோம். நேற்று அம்மா கிரைண்டர், அயர்ன் பாக்ஸ், கரண்டு அடுப்பு எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டாள். டப்பென்று ஃபியூஸ் போனது.

"ஒங்கப்பா இருந்த வரைக்கும் ஒரு நாளாவது போயிருக்குமா?" என்றாள்.

ஏன் போகவில்லை என்று அவளிடம் நான் சொல்லவில்லை.

இனிமேல் இந்த வீட்டில் ஃபியூஸ் போகும் அப்பா. போகும்போதெல்லாம் உங்களைத் திட்டுவேன். திட்டிக்கொண்டே மெல்லிய கம்பியைத்தான் திரும்பவும் போடுவேன். அம்மாவுக்கும் ஒரு நாள் ஐஸ் பெட்டி வைக்க வேண்டி வரும். அன்றைக்கு நான் எந்த ஊரில் இருந்தாலும், வந்து சேரும் வரை அது ஓடும்.

உங்கள் முகம் பார்க்கக் கிடைக்காத மகள்,
ஸ்டெல்லா